இடம் பெயர்ந்து மீண்ட வாயில்

வாயில் என்பது ஓரிடத்தில் நிற்பது; மாந்தர் அதன் வழியே போவதும் வருவதும் உலக இயல்பு. ஆயின், தானே தன் இடத்தை விட்டுப் பெயர்க்கப்பட்டு, வேறோரிடத்தில் நின்று, தீக்கிரையாகி, கான்கிரீட்டாய் மறுபிறப்பெடுத்து, இறுதியில் மரமும் கல்லுமாய்ப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்த வாயில் ஒன்று கொரியா நாட்டின் தலைநகரான சியோலில் இருக்கிறது. குவாங்ஹ்வாமுன் என்பது அதன் பெயர். கியோங்பொக்குங் என்னும் அரண்மனையின் தெற்கு வாயில் அது.

மாணவர்களே, அவ்வாயிலின் முன் நின்று, 'இதன் வயது என்ன?' என்று ஒருவர் கேட்பாராயின், 1395-ஆம் ஆண்டில் எழுந்தது என்று ஒருவர் விடையிறுக்கலாம். 1865-ஆம் ஆண்டில் தொடங்கிய திருப்பணியில் எழுந்தது என்று மற்றொருவர் கூறலாம். 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் திறக்கப்பட்டது என்று வேறொருவர் மறுக்கலாம். மூவர் கூற்றும் உண்மையே. ஒரே கட்டிடத்துக்கு மூன்று வயது எங்ஙனம் பொருந்தும் என்பதே இன்று நாம் காணவேண்டிய செய்தி.

கொரியாவில் 1392-ஆம் ஆண்டில் யி சொங்கே என்ற படைத்தலைவர் பழைய கொர்யோ அரசை வீழ்த்தி ஜோசொன் என்னும் புதிய அரச மரபை நிறுவினார். இரண்டாண்டுகளில் தலைநகரை ஹன்யாங்குக்கு, அதாவது இன்றைய சியோலுக்கு, மாற்றினார். வடக்கே குன்று காவலாக நிற்கவேண்டும், தெற்கே வெளி திறந்திருக்கவேண்டும் என்பது அக்காலத்து இடத்தேர்வு நூலாரின் கொள்கை. அதற்கேற்ப, பெகாக் குன்றின் அடிவாரத்தில் 1395-இல் கியோங்பொக்குங் அரண்மனை எழுந்தது. அதன் மண்டபங்களுக்குப் பெயர் சூட்டியவர் ஜொங் தோ ஜொன் என்ற அறிஞர். புதிய அரசின் மதியமைச்சர். மூன்றாண்டுகள் கழித்து, 1398-இல், அரச குமாரர்களின் வாரிசுப் போட்டியில் அவர் கொல்லப்பட்டார். தாம் பெயரிட்ட மாளிகையில் அவர் நெடுநாள் நடமாடக் கொடுத்துவைக்கவில்லை.

தெற்கு வாயிலுக்கு இன்றைய பெயர் கிடைத்தது 1426-இல், செஜோங் மன்னர் காலத்தில். 'குவாங்' என்றால் ஒளி. 'ஹ்வா' என்றால் மாற்றுதல். 'முன்' என்றால் வாயில். அரசனின் அறவொளி நாற்றிசையும் பரவி மக்களை நல்வழிப்படுத்துக என்பது கருத்து. கொரிய மொழிக்கென ஹங்குல் என்னும் எழுத்து முறையை 1443-இல் வகுத்து 1446-இல் நாட்டுக்கு அறிவித்தவரும் இதே செஜோங்தான். ஆயினும் வாயிலின் பெயர்ப்பலகை அக்காலத்து வழக்கப்படி சீன எழுத்துகளிலேயே அமைந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனால் ஒரு வழக்கு எழப்போகிறது.

இனி, வாயிலின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அது இரண்டு பகுதிகளால் ஆனது. கீழே கருங்கல் மேடை. மேலே இரண்டடுக்கு மரமாடம். மேடையைத் துளைத்துக்கொண்டு மூன்று வளைவு வாயில்கள் செல்கின்றன. நடுவாயில் மற்றவற்றைவிட உயர்ந்தும் அகன்றும் இருக்கும். அது அரசனுக்கே உரியது. இளவரசரும் அமைச்சர் முதலானோரும் பக்கத்து வாயில்களால் புகவேண்டும். நடுவளைவின் விதானத்தில் தெற்குத் திசையின் காவலாகக் கருதப்படும் புராணப் பறவையை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். சியோலில் ஜோசொன் மன்னர்களின் அரண்மனைகள் ஐந்து உண்டு. அவற்றுள் கோட்டைவாயிலைப்போல் உயர்ந்த கல்மேடைமீது அமைந்த தலைவாயில் இது ஒன்றே. ஏனைய அரண்மனைகளின் தலைவாயில்கள் தாழ்ந்த படிமேடைமீது தூண்களை நிறுத்தி அமைத்தவை. ஆகவே, இது தலைமை அரண்மனை என்பதைத் தொலைவிலிருந்தே அறிவிக்கும் வாயில் என்று கொள்ளலாம்.

வளைவு எங்ஙனம் நிற்கிறது? ஒவ்வொரு கல்லையும் மேற்புறம் அகன்றும் கீழ்ப்புறம் குறுகியும் இருக்கும்படி ஆப்பு வடிவில் செதுக்கி, இரு பக்கங்களிலிருந்தும் அடுக்கி வந்து, உச்சியில் ஒரு கல்லை இறக்கிவிட்டால், பாரம் அழுத்த அழுத்தக் கற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றும். ஆனால் அந்தப் பாரம் நேரே கீழே இறங்குவதில்லை, பக்கவாட்டில் உதைக்கும். அவ்வுதைப்பைத் தாங்குவதற்குத்தான் வளைவின் இருபுறமும் அவ்வளவு தடித்த கற்கட்டு வேண்டியிருக்கிறது. வாயிலைப் பார்க்கும்போது வளைவின் அழகு கண்ணில் படுகிறது. அதை நிறுத்துவது அழகின்றிப் பக்கத்தில் நிற்கும் கற்சுவரேயாகும்.

மேடையின் உச்சியைச் சுற்றிச் செங்கல்லால் கைபிடிச்சுவர் எடுத்து, அதில் கீழ்த்திசை நாடுகளில் வழங்கும் எட்டுக் கோட்டுக் குறிகளைப் பதித்திருக்கிறார்கள். அதற்குள்ளே மரமாடம். தச்சனின் திறமை முழுவதும் தூணுக்கும் கூரைக்கும் இடையிலுள்ள பகுதியில் அடங்கியிருக்கிறது. ஓடு வேய்ந்த அக்கூரை மிகுந்த பாரமுடையது. அதன் இறவாணம் சுவரைக் கடந்து வெகுதூரம் வெளியே நீண்டிருக்கிறது. மழை மரத்தின்மேல் விழலாகாது. கோடைச் சூரியன் உள்ளே புகலாகாது. மாரிக்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில்மட்டும் உள்ளே வரவேண்டும். இத்தனையும் இறவாணத்தின் நீளத்தால் நடக்கவேண்டும். அத்துணை நீண்ட கூரையைத் தாங்க, தூண்தலைகளிலும் தூண்களுக்கு இடைப்பட்ட உத்தரங்களிலும் போதிகைகளை அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு போதிகையும் தனக்குக் கீழுள்ளதைவிடச் சிறிது வெளியே நீண்டு, குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன் வெட்டில் ஒன்று பொருந்தி, விரித்த விரல்கள்போல் கூரையை ஏந்துகிறது. இவை ஆணியால் இணைக்கப்பட்டவை அல்ல. வெட்டும் பொருத்துமே இணைப்பு. மேலுள்ள ஓட்டின் பாரமே அவற்றை அசையாமல் அழுத்தி வைக்கிறது. பளுவையே துணையாக்கிக்கொண்ட வேலை இது.

மரத்தின்மேல் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கருமை ஆகிய ஐந்து நிறங்களை அடிப்படையாகக் கொண்டு பூவேலை தீட்டியிருப்பர். இதற்குத் தன்ச்சொங் என்று பெயர். கண்ணுக்கு இனிதாயிருப்பதோடு, ஈரமும் பூச்சியும் மரத்தை அரிக்காமல் காப்பதும் இவ்வண்ணப்பூச்சின் பயனாகும்.

வாயிலுக்கு முன்னே இரு கல்விலங்குகள் அமர்ந்திருக்கின்றன. ஹேத்தே என்று அவற்றை அழைப்பர். நன்மை தீமைகளைப் பகுத்தறிந்து, குற்றவாளியை முட்டித்தள்ளும் விலங்கு என்று பழங்கதை கூறும். தெற்கேயுள்ள குவானாக் மலையை நெருப்பு மலை என்று கருதிய மக்கள், அதன் தீயிலிருந்து அரண்மனையைக் காக்கவே இவை வைக்கப்பட்டன என்றும் சொல்லுவர். இவ்விலங்குகள் உள்ள இடம் வந்ததும் எத்துணைப் பெரிய அதிகாரியும் வாகனத்தைவிட்டு இறங்கி நடக்கவேண்டும். வாயிலிலிருந்து தெற்கே சென்ற அகன்ற வீதியின் இருமருங்கும் ஆறு அமைச்சகங்கள் இருந்தன. ஆகையால் இறங்கி நடந்தவர் பலராகவே இருந்திருப்பர்.

தீ என்னும் பகை முதலில் வந்தது 1592-இல். ஜப்பானின் ஹிதேயோஷி அனுப்பிய பெரும்படை கொரியாவில் இறங்கியதும் அரசர் தலைநகரைவிட்டு வடக்கே சென்றார். அக்குழப்பத்தில் அரண்மனை எரிந்தது. எரித்தவர் யார்? சினங்கொண்ட நகரமக்களே என்று கொரிய அரசக் குறிப்புகள் கூறுகின்றன. ஜப்பானியப் படையுடன் வந்த ஒருவரின் குறிப்போ, தாம் நகர் புகுந்தபோது அரண்மனை எரியாமல் நின்றதாக வருணிக்கிறது. வரலாற்றில் இவ்வாறு இரண்டு சான்றுகள் முரண்படும் இடங்களில் அவசரப்பட்டு ஒருபக்கம் சாய்வது முறையன்று.

எரிந்த இடம் ஏறக்குறைய 270 ஆண்டுகள் பாழாகவே கிடந்தது. மன்னர்கள் சாங்தொக்குங் என்னும் மற்றோர் அரண்மனையில் வாழ்ந்தனர். 1865-இல் சிறுவராயிருந்த கோஜொங் மன்னருக்காக ஆட்சி நடத்திய அவருடைய தந்தை தேவொன்குன், அரச குலத்தின் பெருமையை நிலைநாட்டக் கருதி அரண்மனையை மீண்டும் எழுப்பத் தொடங்கினார். 1868-இல் மன்னர் அதில் குடிபுகுந்தார். மூன்றாண்டுகளில் முடிந்த மாபெரும் பணி என்று புகழுவது எளிது. அதற்குக் கொடுத்த விலையையும் கூறத்தான் வேண்டும். 'விருப்ப நன்கொடை' என்ற பெயரில் மக்களிடம் பணம் திரட்டப்பட்டது. பெயர்தான் விருப்பம். நகரவாயில்களில் நுழைவோரிடம் வரி தண்டினார்கள். 1866-இல் வேலையிடத்தில் தீப்பற்றிச் சேர்த்து வைத்த மரங்கள் எரிந்துபோயின. அவ்வாண்டிலேயே, பழைய காசைப்போல் நூறு மடங்கு மதிப்புடையது என்று அரசு ஆணையிட்ட ஒரு செப்புக்காசு வெளியாயிற்று. அதிலிருந்த செம்போ ஐந்தாறு காசுக்குமேல் பெறாது. விளைவு, தானிய விலை ஏறியது, மக்கள் வாடினர், அடுத்த ஆண்டே அக்காசு அடிப்பதை நிறுத்த நேர்ந்தது. அரசாணையால் செம்பு பொன்னாகாது என்பதைப் பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இவ்வரண்மனைக் கதையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

அவ்வளவு துன்பத்தில் எழுந்த அரண்மனை நீண்டநாள் பயன்படவில்லை. 1895-இல் அரசியார் அரண்மனைக்குள்ளேயே ஜப்பானியர் கையால் கொலையுண்டார். மறு ஆண்டு மன்னர் உருசியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். 1910-இல் கொரியா ஜப்பானிய ஆட்சிக்கு உட்பட்டது. 1915-இல் அரண்மனை வளாகத்தில் தொழிற்பொருட்காட்சி நடத்துவதற்காகப் பல கட்டிடங்கள் அகற்றப்பட்டன. 1916-இல் குவாங்ஹ்வாமுன்னுக்குப் பின்னால், அரியணை மண்டபத்தை மறைக்கும்படியாக, ஜப்பானியத் தலைமை ஆளுநரின் செயலகக் கட்டிடம் ஐரோப்பிய பாணியில் எழத் தொடங்கிற்று. குவிமாடம் தாங்கிய பெருங்கற்கட்டிடம் அது, 1926-இல் முடிந்தது. அதன் முகப்பை வாயில் மறைக்கிறது. ஆகவே வாயிலை இடித்துவிடலாம் என்ற எண்ணம் ஆட்சியாளரிடம் தோன்றியது.

இங்கேதான் எதிர்பாராத ஒரு குரல் எழுந்தது. யானகி முனேயோஷி என்பவர் ஜப்பானியக் கலை அறிஞர்; பெயரறியாத குயவரும் தச்சரும் செய்த அன்றாடப் பொருள்களின் அழகை உலகுக்கு உணர்த்தியவர். 1922-இல் 'காய்சோ' என்னும் ஜப்பானிய இதழில், அழியப்போகும் இவ்வாயிலுக்காக ஒரு கட்டுரை எழுதினார். கொரியா வலிமை பெற்று ஜப்பானை அடக்கி, எடோக் கோட்டையை இடித்து அவ்விடத்தில் மேனாட்டுப் பாணிக் கட்டிடம் எழுப்புவதாக எண்ணிப் பாருங்கள் என்று தம் நாட்டு மக்களையே அவர் கேட்டார். தம் அரசின் செயலைத் தம் மொழியில், தம் மக்கள் முன்னிலையில் கண்டித்தார். பிறர் அரசைக் கண்டிப்பது எளிது. 1924-இல் அதே அரண்மனையின் ஒரு மண்டபத்தில் கொரிய மக்கட்கலைக்காக அவர் ஓர் அருங்காட்சியகத்தையும் திறந்தார்.

கொரியரும் வாளாவிருக்கவில்லை. 1926-இல் 'தோங்கா இல்போ' நாளேட்டில் சொல் உயி சிக் என்ற எழுத்தாளர் வாயிலின் பிரிவைக் குறித்து உருக்கமாக எழுதினார். எதிர்ப்பின் பயனாக வாயில் அழிவிலிருந்து தப்பியது. ஆனால் தன் இடத்தை இழந்தது. கல்லும் மரமும் பிரிக்கப்பட்டு, 1927-இல் அரண்மனையின் கிழக்குப் பக்கத்தில் மீண்டும் அடுக்கப்பட்டன. தெற்கு வாயில் கிழக்கு மதிலில் நின்றது. உயிர் போகவில்லை, ஊர்தான் போயிற்று.

அங்கும் அமைதி கிட்டவில்லை. 1950-இல் மூண்ட கொரியப் போரில் மரமாடம் எரிந்து சாம்பலாயிற்று. கல்மேடை மட்டும் தலையற்ற உடல்போல் நின்றது.

1968-இல், பாக் சுங் ஹீ அதிபராயிருந்தபோது, வாயில் தெற்கே கொண்டுவரப்பட்டது. பழைய கல்மேடைமீது மரத்துக்குப் பதில் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டால் மாடம் கட்டினர். இனித் தீ அணுகாது என்று அக்காலத்தில் எண்ணியிருக்கலாம். போரில் வெந்த நாடு அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். ஒன்றையொன்று பற்றிக் கூரையை ஏந்திய போதிகைகளின் உருவம் கான்கிரீட்டில் வார்க்கப்பட்டது. உருவம் இருந்தது, பொருத்தும் வெட்டும் இல்லை. தச்சன் அறிவு போய், தச்சன் அறிவின் படம் எஞ்சியது. இன்னொரு பிழையும் நேர்ந்தது. ஆளுநர் செயலகக் கட்டிடம் அப்போது கொரிய அரசின் தலைமைச் செயலகமாக விளங்கியது. புதிய வாயில் அரண்மனையின் பழைய நேர்கோட்டில் நிற்காமல், அக்கட்டிடத்தின் முகத்துக்கு இணையாக நின்றது. அதனால் பழைய இடத்திலிருந்து பத்து மீட்டருக்கு மேல் விலகியும், சில பாகை திரும்பியும் அமைந்தது. ஆண்டவர் போயினர், அவர்கள் வரைந்த கோடு நின்றது. பெயர்ப்பலகையை அதிபரே ஹங்குல் எழுத்தில் எழுதி மாட்டினார்.

அந்தச் செயலகக் கட்டிடத்தையும் முற்றிலும் பகைவரின் சின்னம் என்று சொல்லிவிட முடியாது. 1948 ஆகஸ்டு 15-இல் கொரியக் குடியரசு நிறுவப்பெற்றதை அறிவித்த விழா அதன் முன்னால்தான் நடந்தது. 1986 முதல் அது தேசிய அருங்காட்சியகமாகவும் இருந்தது. ஆகவே இடிக்கலாமா, காக்கலாமா என்று நாட்டில் பெரிய வாதம் நிகழ்ந்தது. முடிவில், விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நாளான 1995 ஆகஸ்டு 15-இல் குவிமாடத்தின் உச்சி கழற்றப்பட்டது. அடுத்த ஆண்டு கட்டிடம் முழுவதும் அகன்றது. அரியணை மண்டபத்துக்கு முன்னே மீண்டும் வெளிச்சம் வந்தது.

வாயில் கோணலாய் நிற்பது அதன்பின் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. 2006-ஆம் ஆண்டு இறுதியில் கான்கிரீட்டு மாடத்தைப் பிரிக்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு நிலத்தை அகழ்ந்தபோது 1865-ஆம் ஆண்டுத் திருப்பணியின் அடித்தளம் வெளிப்பட்டது. அதற்கும் கீழே, அதே இடத்தில், முதல் வாயிலின் அடித்தளமும் கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டில் குறித்த இடத்தை, பாழடைந்து 270 ஆண்டு கழிந்த பின்னும், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தச்சர் தவறாது கண்டுபிடித்திருந்தனர். மண்ணுக்குள் கிடைத்த இச்சான்றுதான், வாயிலின் வயது 1395 என்பாரின் கூற்றுக்கு வலிமை. மேலுள்ள மரம் புதியது. கல்லில் ஒரு பகுதி பழையது. இடமோ ஆறு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டது. கொரியப் பைன் மரத்தால் பழைய முறைப்படி மாடம் அமைத்து, 2010 ஆகஸ்டு 15-இல் வாயிலைத் திறந்தனர். கழற்றிய கான்கிரீட்டுப் பகுதிகள் சிலவற்றை எறிந்துவிடாமல் சியோல் வரலாற்று அருங்காட்சியக வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்த செய்தி. பிழையும் வரலாற்றின் ஒரு பக்கமன்றோ?

முன்னே சொன்ன பெயர்ப்பலகை வழக்குக்கு வருவோம். 2010-இல் வெள்ளைப் பலகையில் கருப்பு நிறச் சீன எழுத்துகளை அமைத்தனர். மூன்றே மாதத்தில் பலகை பிளந்தது. மரம் போதிய அளவு உலரவில்லை என்று பலர் குறை கூறினர். பிளவைக் காட்டிலும் பெரிய ஐயம் ஒன்று பின்னர் தோன்றியது. 1893-ஆம் ஆண்டளவில் எடுத்த பழைய நிழற்படம் ஒன்று அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தில் இருந்தது. அதில் பலகை எழுத்தைவிடக் கருமையாகத் தோன்றிற்று. 2018-இல் டோக்கியோவின் வசேதாப் பல்கலைக்கழகத்தில் இருந்த, அரண்மனைத் திருப்பணி நாட்குறிப்பு ஐயத்தைத் தீர்த்தது. கருநிறப் பலகையில் பொன்னெழுத்து என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. கொரிய அரண்மனையின் உண்மை ஒரு துண்டு அமெரிக்காவிலும் ஒரு துண்டு ஜப்பானிலும் கிடந்தது! கொரியர் தாம் அமைத்தது தவறு என்று ஒப்பி, பலகையை மாற்ற முடிவு செய்தனர். விடைத்தாளில் எழுதியதை அடித்துத் திருத்த நாணும் மாணவர் சிலரை நான் அறிவேன். ஒரு நாடு தன் தலைவாயிலின் நெற்றியிலேயே அடித்துத் திருத்தியது. 1860-களில் இம் தே யொங் என்னும் படைத்தலைவர் எழுதிய எழுத்துகளைப் பின்பற்றிப் பொன்னெழுத்துப் பலகை 2023 அக்டோபர் 15-இல் திரைவிலக்கப்பட்டது.

பழையதைப் பழையபடி வைப்பதானால் சீன எழுத்தே பொருந்தும் என்பது ஒரு கட்சி. ஹங்குலைத் தந்த செஜோங்கின் சிலை வாயிலுக்கு எதிரேயுள்ள வெளியில் 2009 முதல் அமர்ந்திருக்க, அவர் பின்னால் பிறமொழி எழுத்தா என்பது மற்றொரு கட்சி. தாய்மொழிப் பற்றுடையார்க்கு இரண்டாம் கட்சியின்மேல் மனம் செல்வது இயல்பு. எனினும், மீட்டமைத்தல் என்று பெயரிட்டுக்கொண்டு நம் விருப்பத்தைப் பழங்காலத்தின்மேல் எழுதலாமா என்ற வினாவுக்கு அவர்களும் விடை கூறவேண்டும்.

பொன்னெழுத்துப் பலகை வெளிப்பட்ட அதே நாளில், வாயிலுக்கு முன்னிருந்த வொல்தே என்னும் கல்முற்றமும் திறக்கப்பட்டது. 48.7 மீட்டர் நீளமும் 29.7 மீட்டர் அகலமும் உடைய அம்மேடையின் நடுவே அரசன் நடக்கும் பாதை உண்டு. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் அதன்மேல் டிராம் வண்டிக்கு இருப்புப்பாதை போட்டனர். பின்னர் சாலை மூடிக்கொண்டது. முற்றத்தின் கைபிடிக்கற்கள் பல, நகருக்கு வெளியே அரச கல்லறைகள் உள்ள இடத்தில் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்துவந்து, இல்லாதவற்றுக்குப் புதுக்கல் செதுக்கி, இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பழங்கல் மங்கியும் புதுக்கல் வெளுத்தும் இருப்பதால் எது எது என்று சிறுவரும் சொல்லிவிடலாம். ஹேத்தேக்கள் இரண்டும் முற்றத்தின் முன்னே வந்து அமர்ந்துகொண்டன. மோட்டார் வண்டிகள் வளைந்து செல்கின்றன.

வாயிலிலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் சாலை நடுவில், நாற்புறமும் வண்டிகள் சுற்றி ஓட, சிறிய காவல்மாடம் ஒன்றைக் காணலாம். தோங்சிப்ஜாகாக் என்பது அதன் பெயர். அரண்மனை மதிலின் தென்கிழக்கு மூலையில் இருந்தது அது. மதில் பின்வாங்கிவிட்டது, மாடம் பின்வாங்கவில்லை. மேற்கு மூலையில் அதற்கு இணையாக இருந்த மாடத்தை ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் இடித்துவிட்டனர். அது நின்ற இடத்தில் இன்று சாலைதான் இருக்கிறது.